கைப்பிடி எங்கே இருக்க வேண்டும்: ஈஸ் திட்டத்தில் மாற்றியமைத்த ஒரு குளியலறை

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் என் தாயார் தனியாக வசிக்கும் மூவறை வீட்டில், மூத்தோரின் வீடுகளைப் பாதுகாப்பாக மாற்றியமைக்க உதவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தின்கீழ் குளியலறையை மாற்றியமைத்து ஓராண்டு ஆகிறது. வயதான பெற்றோர் தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழ எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, இந்த ஓராண்டு அனுபவத்தின் அடிப்படையில் நான் தயங்காமல் சொல்லக்கூடிய விடை, சரியான இடத்தில் பொருத்தப்பட்ட கைப்பிடி என்பதுதான். அறிதிறன் கருவிகளெல்லாம் அதற்குப் பிறகே.

2012 ஜூலையில் தொடங்கிய இத்திட்டம் 2024 ஏப்ரலில் விரிவாக்கப்பட்டது. 65 வயதை எட்டியவர் வசிக்கும் வீவக வீடுகள் இதற்குத் தகுதி பெறும். 60 முதல் 64 வயதுக்குள் இருப்பவர் என்றால், அன்றாடச் செயல்களில் பிறர் உதவி தேவைப்படுபவராக இருக்க வேண்டும். குடிமக்கள் வீட்டின் அளவுக்கேற்பச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு வரை செலுத்தினால் போதும். மூவறை வீடு என்பதால் எங்கள் பங்கு 5 விழுக்காடாக இருந்தது.

இதற்கு முன்பு என் தாயார் துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஈரத்துண்டைத் தாங்குவதற்காகச் சிறு திருகாணிகளில் நிற்கும் அந்தக் கம்பி, ஓர் உடலின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அது என்றாவது ஒருநாள் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்ற அச்சம் எனக்கு எப்போதும் இருந்தது. புதிய கைப்பிடிகள் சுவருக்குள் ஆழமாக ஊன்றப்பட்டவை. கழிப்பிடத்தின் பக்கத்தில் ஒன்றும், குளிக்கும் இடத்தில் ஒன்றும், வாசற்படியை ஒட்டிச் செங்குத்தாக ஒன்றும் என்று அமைந்த மூன்றே அவருடைய அன்றாடத் தேவைக்குப் போதுமானவையாக இருக்கின்றன. திட்டம் இதைவிட அதிகமான கைப்பிடிகளை அனுமதிக்கிறது. ஆனால் எண்ணிக்கையைவிட இடமே முக்கியம் என்பதை நான் ஒரு தவறு செய்த பிறகே உணர்ந்தேன். சுவரில் குறியிடும் வேளையில் தாயார் கோயிலுக்குச் சென்றிருந்ததால், அவருக்குப் பதிலாக நானே அமர்ந்து எழுந்து உயரத்தைக் காட்டினேன். அவர் என்னைவிடக் குள்ளமானவர் என்பதும், அவருக்கு வலுவிழந்தது இடது முழங்கால் என்பதால் வலக்கைப் பக்கமே பிடி தேவைப்படும் என்பதும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. நல்லவேளையாக, சுவரைத் துளையிடும் முன்பே அவர் திரும்பி வந்து, அமர்ந்து, எழும்போது தம் கை இயல்பாகப் போய்ச் சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் குறித்த இடத்திலிருந்து அது ஒரு சாணுக்கும் மேல் தள்ளியிருந்தது.

விரிவாக்கப்பட்ட திட்டத்தில் கிடைக்கும் மடக்கு இருக்கையையும் கேட்டுப் பெற்றோம். வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடுங்கள் என்று எழுபத்தெட்டு வயதான ஒருவரிடம் சொல்வது எளிதன்று. சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பு தாழ்வான முக்காலியில் அமர்ந்து குளித்துவிட்டு எழத் தவித்தவர், இப்போது நாற்காலி உயரத்தில் அமர்ந்து குளிக்கிறார். குளித்து முடித்ததும் இருக்கையைச் சுவரோடு மடித்துவிடலாம் என்பதால், அந்தக் குறுகிய அறையில் நடமாட இடையூறு இல்லை.

தரைக்குச் செய்யப்படும் வழுக்கல் தடுப்பு குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய ஓடுகளை அகற்றாமல், அவற்றின் மேற்பரப்பிலேயே இதைச் செய்கிறார்கள். தண்ணீரில் மட்டும் நனைந்த தரையில் காலுக்கு நல்ல பிடிப்பு கிடைக்கிறது. எண்ணெயும் சீயக்காயும் படிந்த தரையில் அந்தப் பிடிப்பு குறைந்துவிடுகிறது. ஆகவே எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தரையைத் தேய்த்துக் கழுவும் பொறுப்பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் நான் ஏற்றிருக்கிறேன்.

விழுந்தால் உடனே அழைப்பு விடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றையும் நாங்கள் தனியாக வாங்கினோம். கடுமையான வீழ்ச்சியை உணர்ந்து, அணிந்திருப்பவர் அசையாமல் கிடந்தால் தானாகவே உதவிக்கு அழைக்கும் இத்தகைய கருவிகள் பயனுள்ளவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சுவரைப் பற்றியபடி மெல்லச் சரிந்து அமர்வதை அவை வீழ்ச்சியாகக் கொள்ளாமல் போகலாம். என் தாயாரோ குளிக்கும்போதும், இரவில் மின்னேற்றம் செய்வதற்காகவும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். அதாவது, அவர் வழுக்கி விழக்கூடிய இடத்திலும் நேரத்திலும் அது அவர் கையில் இருப்பதில்லை. மேலும், கடிகாரம், அணிந்திருப்பவர் விழுந்த பிறகே உதவும். கைப்பிடி விழாமலே காக்கும்.

2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த, மூத்தோருக்கென்றே கட்டப்பட்ட சமூகப் பராமரிப்பு வீடுகளில், அகன்ற குளியலறையும் 24 மணி நேர அவசர உதவியும் தொடக்கத்திலிருந்தே உண்டு. புதிதாக வீடு தேடும் மூத்தோருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பேன். ஆனால் என் தாயாருக்கு நாற்பது ஆண்டுகளாகப் பழகிய எதிர்வீட்டுக்காரரும், நடந்து செல்லும் தொலைவில் இருக்கும் சந்தையும் தோ பாயோவில்தான் இருக்கின்றன.

விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கைப்பிடிக்கு இடம் குறிக்க ஆட்கள் வரும் நாளில் பெற்றோர் வீட்டில் இருக்கட்டும், அவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் கதவு நிலை, தொட்டி விளிம்பு, துண்டுக் கம்பி ஆகியவற்றை ஒரு வாரமாவது கவனித்துக் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டுத் துண்டுக் கம்பியில் இப்போது துண்டு மட்டுமே தொங்குகிறது.