மோசல் ரீஸ்லிங்: நான்கு புட்டிகளும் ஒரு விருந்தும்

ரீஸ்லிங் என்ற திராட்சையிலிருந்து செய்யும் வெள்ளை ஒயினைப் பற்றிப் பலரும் சொல்லும் குறை, அது இனிக்கிறது என்பதுதான். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் உணவு எதுவும் இல்லாமல் வெறும் வாயில் ஒரு மடக்குப் பருகிவிட்டுத் தீர்ப்பளிப்பவர்கள். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளைந்த நான்கு ரீஸ்லிங்குகளை, மே மாத மாலை ஒன்றில், ட்ரியர் நகரில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஆறு பேர் கூடி உணவோடு சேர்த்துச் சுவைத்தோம். இந்த ஒயினில் இனிப்பும் புளிப்பும் எதற்காக இருக்கின்றன என்பது சாப்பாட்டு மேசையில்தான் விளங்கும் என்ற என் எண்ணத்தை அந்த மாலை உறுதிப்படுத்தியது.

மோசல் திராட்சைக்கு எளிதான இடமன்று. ஏறத்தாழ 50 பாகை வட அட்சரேகையில், குளிர் மிகுந்த நிலத்தில், சூரியனை நோக்கிய செங்குத்தான சரிவுகளில்தான் அங்கே பழம் முற்றுகிறது. ப்ரெம் என்ற ஊரின் கால்மொண்ட் சரிவு சில இடங்களில் 65 பாகைவரை சாய்ந்திருக்கிறது. இத்தகைய சரிவுகளில் பெரும்பாலான வேலையைக் கையால்தான் செய்தாக வேண்டும். சரிவெங்கும் உதிர்ந்து கிடக்கும் ஸ்லேட் கற்கள் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் மெல்ல விடுகின்றன. கீழே ஓடும் ஆறும் குளிரின் கடுமையைத் தணிக்கிறது. பழம் மெதுவாக முற்றுவதால் சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பு இறங்கிவிடுவதில்லை. ஒரு லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிராம் அமிலம் இங்கே இயல்பு. இனிப்பைத் தாங்கி நிற்பது இந்தப் புளிப்புதான்.

முதலில் திறந்தது டாக்டர் லோசன் பண்ணையின் 2022ஆம் ஆண்டு ப்ளாவ்ஷீஃபர். நீல ஸ்லேட் மண்ணில் விளைந்த, இனிப்பற்ற வகை. முகப்புச்சீட்டில் ‘ட்ரோக்கன்’ (இனிப்பற்றது) என்று இருந்தால், நொதித்த பின் எஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், மழையில் நனைந்த கல்லின் மணம் ஆகியவை முதலில் எழுகின்றன. முடிவில் நாக்கின் ஓரங்களில் லேசான உப்புச் சுவை தங்குகிறது. இதனுடன் புகையூட்டிய ட்ரவுட் மீனும், வெண்ணெய் உருக்கி ஊற்றிய வெள்ளை அஸ்பாரகஸும் இருந்தன. ஏப்ரலிலிருந்து ஜூன் 24 வரை ஜெர்மானியர்கள் கொண்டாடும் இந்தத் தண்டு ஒயினுக்குச் சிக்கலானது. துவர்ப்புள்ள சிவப்பு ஒயினும் புதிய ஓக் பீப்பாயின் மணமேறிய வெள்ளை ஒயினும் அதன் பக்கத்தில் கசந்துபோகின்றன. ரீஸ்லிங்கில் அந்த இரண்டுமே இல்லை. வெண்ணெயின் கனத்தைப் புளிப்பு வெட்டிவிட, ஒவ்வொரு கவளமும் முதல் கவளம் போலவே இருந்தது. நாள்தோறும் மேசைக்கு வரத்தக்க ஒயின் இது. மீன் சமைக்கும் வீட்டில் ஒரு புட்டி இருக்கலாம்.

அடுத்து யோஹ். யோஸ். ப்ரூம் பண்ணையின் 2021ஆம் ஆண்டு வேலெனர் சொன்னெனூர் கபினெட். பழம் முற்றிய அளவைக் கொண்டு ஒயினுக்கு இடும் தரப்படிகளில் முதலாவது கபினெட்; வேலெனர் சொன்னெனூர் தோட்டத்தின் பெயர். இந்தத் தோட்டத்தின் நடுவே பாறையில் நிற்கும் சூரியக் கடிகாரத்தை 1842இல் அமைத்தவரும் ப்ரூம் குடும்பத்தினரே. 2021 மோசலில் குளிர்ந்த, மழை மிகுந்த ஆண்டு. அறுவடை தாமதமானது, புளிப்பு கூர்மையாக நின்றது. இத்தகைய ஆண்டில்தான் கபினெட் தன் உண்மையான உருவத்தைக் காட்டுகிறது என்று நான் கருதுகிறேன். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் கபினெட் என்ற பெயரில் வருபவை பலவும் அடுத்த படியான ஷ்பேட்லேஸேயின் கனத்தைப் பெற்றுவிடுகின்றன. இந்தப் பண்ணையின் இளம் ஒயின்களில், இயற்கை நொதித்தலையொட்டி, புட்டியைத் திறந்தவுடன் தீக்குச்சி கிழித்தது போன்ற கந்தக நெடி வருவது ஒயின் பிரியர்கள் அறிந்ததே. அது பழுதன்று. ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்துவைத்தால் அகன்றுவிடுகிறது, அதன் அடியில் வெள்ளைப் பீச்சும் எலுமிச்சைப் பூவும் காத்திருக்கின்றன.

கபினெட் இனிப்புள்ளது என்று தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு உதவும். இத்தகைய கபினெட்டில் பெரும்பாலும் லிட்டருக்கு நாற்பது கிராமையொட்டிய சர்க்கரை இருக்கிறது. கோலா பானங்களில் நூறு கிராமுக்கு மேல். அந்த நாற்பது கிராமையும் புளிப்பு இழுத்துப் பிடிப்பதால் நாக்கு அதை இனிப்பாக அன்றிப் பழச்சுவையாகவே உணர்கிறது. ஆல்கஹாலும் ஒன்பது சதவீதத்தையொட்டியே இருப்பதால் பேச்சு நீளும்போதும் தலை கனப்பதில்லை. உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சி, ரை தானிய ரொட்டி, கெட்டிப் பாலாடைக்கட்டி என்று மோசல் விவசாயிகள் மாலையில் உண்ணும் குளிர்ந்த தட்டைத்தான் இதனுடன் வைத்தோம். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தேடிப் போயின. அந்த மாலையில் முதலில் காலியான புட்டி இதுதான்.

நான் மிகவும் எதிர்பார்த்தது மூன்றாவதை. டாக்டர் லோசனின் 2019ஆம் ஆண்டு ஊர்சிகர் வூர்ட்ஸ்கார்ட்டன் ஷ்பேட்லேஸே. ஊர்சிக் கிராமத்தின் சரிவில் நீல ஸ்லேட்டுக்குப் பதிலாகச் செம்மண் நிறமேறிய எரிமலைப் பாறையும் சிவப்பு ஸ்லேட்டும் உள்ளன. அந்தத் தோட்டத்து ஒயின்களில் இஞ்சியையும் வெப்பமண்டலப் பழங்களையும் நினைவூட்டும் ஒரு காரமணம் உண்டு. இதற்கென்றே, ட்ரியரில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி மிளகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாராளமாகச் சேர்த்துக் கோழி வறுவல் செய்து கொண்டுவந்திருந்தார். காரத்தைக் குறைக்க வேண்டாம் என்று நாங்களே கேட்டுக்கொண்டோம்.

காரமான உணவுக்கு ஒயினே ஒத்துவராது என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டுகிறது. 14 சதவீத ஆல்கஹாலும் துவர்ப்பும் உள்ள சிவப்பு ஒயினை வறுவலோடு குடித்தால் வாய் எரியும், ஒயினும் கசக்கும். ஷ்பேட்லேஸேயில் நிலைமை தலைகீழ். எட்டு சதவீதத்தையொட்டிய ஆல்கஹால் எரிச்சலைத் தூண்டுவதில்லை, சர்க்கரை அதைத் தணிக்கிறது, குளிர்ச்சி ஆற்றுகிறது, புளிப்பு எண்ணெயைக் கழுவுகிறது. இந்த நான்கும் ஒரே மடக்கில் நடக்கின்றன. வறுவலை வாயில் வைத்துவிட்டுக் குடித்தபோது ஒயினின் இனிப்பு பாதியாகத் தேய்ந்து, அதுவரை அடியில் கிடந்த மாம்பழ மணமும் இஞ்சி மணமும் முன்னே வந்தன. கோழியிலும் காரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த கறிவேப்பிலையும் மிளகும் தனித்தனியாகத் தெரிந்தன. இனிப்பு ஒயின் என்றாலே முகம் சுளிக்கும் ஜெர்மானிய நண்பர் ஒருவர் இரண்டாம் முறை கோப்பையை நீட்டினார். புளிக்குழம்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மீன் கறியோடும் இது சிறப்பாகவே இருக்கும் என்று தோழி சொன்னார். எனக்கும் அதில் ஐயமில்லை. புளியின் ஆதிக்கம் மிகுந்த ரசம் போன்றவற்றோடு மட்டும் நான் இதை வைக்கமாட்டேன், அங்கே இரண்டு புளிப்புகளும் மோதிக்கொள்ளும்.

நான்காவது, ஃப்ரிட்ஸ் ஹாக் பண்ணையின் 2005ஆம் ஆண்டு ப்ரவுனெபெர்கர் யூஃபர்-சொன்னெனூர் அவுஸ்லேஸே, அதாவது ஷ்பேட்லேஸேக்கு அடுத்த படி. வீட்டுக்கார நண்பர் தம் நிலவறையில் ஆண்டுக்கணக்காகப் படுக்கவைத்துக் காத்த புட்டி. நிறம் பொன்னாகியிருந்தது. தேன், உலர்ந்த ஆப்ரிகாட் ஆகியவற்றோடு மண்ணெண்ணெயைப் போன்ற ஒரு வாடையும் எழும்; முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமான அந்த வாடை டிடிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மத்தால் வருகிறது, திராட்சைத் தோலின் கரோட்டினாய்டுகள் காலப்போக்கில் சிதைந்து அதை உண்டாக்குகின்றன. நீலப் பூஞ்சை படர்ந்த பாலாடைக்கட்டியின் உப்போடு இது அழகாகப் பொருந்தியது. ஆப்பிள் பணியாரத்தோடு வைத்தது தேவையில்லாத வேலை. பலகாரம் ஒயினைவிட இனித்தால் ஒயின் வெறும் புளிப்பாக மிஞ்சுகிறது. இதை ஒரு சிறு கோப்பை அளவே, அவசரமில்லாமல் குடிக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் முகப்புச்சீட்டில் முதலில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். மோசல் ரீஸ்லிங்கில் அது 11.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இனிப்பற்றது, ஒன்பதுக்குக் கீழே இருந்தால் இனிப்புள்ளது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்து, எட்டு முதல் பத்துப் பாகை செல்சியஸில் பரிமாறுங்கள். அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடைபட்டுவிடும். இனிப்பற்றதை முதலிலேயே முடித்துவிடுவது அவசியம், இனிப்புக்குப் பின் அது கடுமையாகத் தோன்றும். ஒரே ஒரு புட்டிதான் வாங்க முடியும், உணவோ நம் ஊர்ச் சமையல் என்றால், தயங்காமல் ஷ்பேட்லேஸேயை வாங்குங்கள். மிஞ்சினால் மூடிக் குளிரில் வையுங்கள். எங்கள் மேசையில் மிஞ்சிய அரைப் புட்டி மூன்றாம் நாளும், மீந்த வறுவலோடு, நன்றாகவே இருந்தது.