வாவிக்கரையிலா, கூரைக்குக் கீழா?

மட்டக்களப்பு மண்ணைத் தோண்டி டைனோசர் எலும்பு எடுக்க முடியாது. நம் காலடியில் உள்ள பாறை டைனோசர்களுக்கு வெகு முந்தியது; ஆழத்தில் வெந்து உருமாறியது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், அசல் எலும்பிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல்தான் வழி. சரி, எங்கே வைப்பது? வாவிக்கரைக் காந்திப் பூங்காவிலா, ஒரு நூலக மண்டபத்திலா?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. அங்கே 1905இல் கட்டடத்துக்குள் வைத்த டிப்ளோடோகஸ் என்ற டைனோசரின் நகல் 'டிப்பி' 26 மீட்டர் நீளம், 292 எலும்புகள், பிளாஸ்டர் வார்ப்பு. அதே விலங்கைத் தோட்டத்தில் நிறுத்த நினைத்தபோது பிளாஸ்டர் பக்கமே போகவில்லை. 2024இல் திறந்த தோட்டத்தில் நிற்பது வெண்கலம்.

பிளாஸ்டர் ஈரம் பட்டால் இளகும். நம் மாரி மழைக்கு ஒரு பருவம்கூடத் தாங்காது. மண்டபத்துக்குள் என்றால் அதைவிட மலிவானது இல்லை, நுணுக்கமும் நன்றாக விழும். ஆனால் 'தொடாதே' பலகையும் கூடவே வரும். நகல் வைப்பதே தொட்டுப் பார்க்கத்தானே!

சீமெந்தில் செய்யலாமே, கோயில் சிற்பிகள் இருக்கிறார்களே என்பார்கள். கை வேலை அழகாக இருக்கும். ஆனால் அச்சில் வார்த்தது எலும்பின் கீறலைக்கூடக் காட்டும். கையால் செய்தது செய்தவரின் ஊகத்தைத்தான் காட்டும். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் அமைத்த இக்குவானோடன் என்ற டைனோசரின் சிலைகளுக்கு மூக்கில் கொம்பு இருக்கிறது. அது உண்மையில் பெருவிரல் முள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் உப்புக்காற்று. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், சீமெந்து வெடிக்கும். கடலோர வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெண்கலம் நிற்கும், காசுதான் இல்லை. இருந்தாலும் பழைய உலோகம் நிறுத்து விற்கும் ஊரில் இரவுக் காவலும் வேண்டும்.

என் ஓட்டு பூங்காவுக்கு, ஃபைபர்கிளாசுக்கு. அதற்கும் குறை உண்டு. வெயிலில் மேற்பூச்சு வெளிறி உள்ளிருக்கும் கண்ணாடி நார் தலைகாட்டும். நாரைத் தொட்ட கை அரிக்கும். ஆகவே சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். தாங்கும் கம்பிகள் உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

முழு எலும்புக்கூடும் வேண்டாம், பராமரிக்க ஆள் இருக்காது. வாவிக்கரைக்கு மொசாசோர் மண்டையோடு ஒன்று போதும். அது டைனோசர் அல்ல, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த கடல் ஊர்வன. உடும்புக்கு உறவு என்றால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். பீடம் இரண்டடிக்கு மேல் போக வேண்டாம். ஆறு வயதுக் கை அந்தப் பல்லைத் தொட வேண்டும்.