குளிர் அறைக் கணினிக்கு லினக்ஸ் தரும் தகவல்: மண்டபத்திலிருந்து ஒரு மதிப்புரை

மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கி அனுப்பும் மீன் கம்பெனிகளின் குளிர் அறைகளில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். ராஸ்பெர்ரி பை பலகை, டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி, லினக்ஸ் இயங்குதளம், இவ்வளவுதான் சாமான். உப்புக்காற்று அரித்த கம்பியை மாற்றிவிடலாம். இயங்குதளம் தன் தகவலை எந்த வடிவத்தில் கொடுக்கிறதோ, அதை மாற்ற என்னால் முடியாது. ஆகவே அந்த ஒன்றை வைத்தே லினக்ஸை இங்கே எடைபோடுகிறேன்.

உணரியின் அளவீடு ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. 'டபிள்யூ1_ஸ்லேவ்' என்ற பழைய கோப்பில் இரண்டு வரிகள். முதல் வரியின் கடைசியில், அளவீடு பிழையின்றி வந்து சேர்ந்ததா என்ற சரிபார்ப்பின் முடிவு, யெஸ் அல்லது நோ. இரண்டாம் வரியின் கடைசியில் 'டி=-18125', அதாவது மைனஸ் 18.125 டிகிரி செல்சியஸ். கண்ணால் படிக்க வசதிதான். ஆனால் நான் பொறுப்பேற்ற ஒரு குளிர் அறையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல், 'டி=' என்பதை ஒட்டி வரும் இலக்கங்களை மட்டுமே தேடியது. மைனஸ் குறி குறுக்கிட்டதும் எதுவும் அகப்படாமல் கடைசியாகப் படித்த எண்ணையே மறுபடி மறுபடி எழுதியது. சரக்கு வாங்குபவர் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்! சரிபார்ப்பு தோற்றாலும் இரண்டாம் வரியில் ஓர் எண் வந்துவிடும் என்பதையும் அந்த நிரல் கவனிக்கவில்லை. நிரல் எழுதியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வடிவம் தவறுக்கு இடம் கொடுக்கிறது.

கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. புதிய கெர்னல்களில் அதே உணரிக்கு 'டெம்பரேச்சர்' என்ற தனிக் கோப்பு இருக்கிறது. திறந்தால் மில்லி டிகிரியில் ஓர் எண், வேறொன்றும் இல்லை. சாதனங்களின் தகவலைக் கோப்புகளாகக் காட்டும், 2003இல் 2.6 கெர்னலோடு வந்த சிஸ்எஃப்எஸ் அமைப்பின் விதியே இதுதான்: ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. (85000 என்று வந்தால் நம்பாதீர்கள். மின்சாரம் வந்தவுடன் உணரி வைத்திருக்கும் தொடக்க மதிப்பு அது, சரிபார்ப்பிலும் தேறிவிடும்.)

ஓடும் நிரல்களையும் நினைவகத்தையும் பற்றிய தகவல் கிடைக்கும் 'ப்ராக்' கோப்பகத்தை அந்த அளவுக்குப் பாராட்ட முடியாது. நினைவக அளவைக் காட்டும் 'மெம்இன்ஃபோ' கோப்பில் 'கேபி' என்று போட்டிருப்பது 1000 பைட் அல்ல, 1024 பைட். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் உள்ள 'ஸ்டாட்' கோப்பில் மதிப்புகள் இடைவெளி விட்டு ஒரே வரியில் வருகின்றன, நிரலின் பெயர் அடைப்புக்குறிக்குள் வருகிறது. அந்தப் பெயருக்குள்ளேயே இடைவெளியும் அடைப்புக்குறியும் இருக்கலாம். எனவே கடைசி மூடும் குறியைத் தேடிப் பிடித்து, அதற்குப் பின்தான் எத்தனையாவது மதிப்பு என்று எண்ண வேண்டும்.

ஒற்றை மதிப்புக் கோப்புக்கும் ஒரு குறை உண்டு. வலைப்பின்னலில் வந்த பைட்டும் போன பைட்டும் தனித்தனிக் கோப்புகள். இரண்டையும் ஒரே நொடிப்பொழுதில் படிக்க வழியில்லை. சேர்ந்து வரவேண்டிய தகவலுக்கு, வலைப்பின்னல் நிலையைக் காட்டும் 'ஐபி' கட்டளையோடு '-ஜே' சேர்த்து, ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயரோடு தரும் ஜேசன் என்ற உரை வடிவில் வாங்குகிறேன். கெர்னலிடமிருந்து அந்தக் கட்டளை வாங்குவது, கெர்னலும் நிரல்களும் செய்தி பரிமாறும் நெட்லிங்க் வழியாக, பைனரியில். ஒவ்வொரு உறுப்புக்கும் வகையும் நீளமும் ஒட்டியிருப்பதால், புதிய உறுப்பு சேர்ந்தாலும் பழைய நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். ஜேசனாக மாற்றும் வேலை கெர்னலுக்கு வெளியே நடக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. வட்டுகளையும் நினைவக அட்டைகளையும் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையும் ஜேசன் தரும், ஆனால் '-பி' சேர்க்காவிட்டால் கொள்ளளவை '29.7ஜி' என்று சுருக்கிவிடும். அந்தச் சுருக்கத்தை வைத்துக் கணக்குப் போட முடியுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, குளிர் அறைகளில் சரக்குக் குறையும். கெர்னலைப் புதுப்பிக்க நான் தேர்ந்தெடுப்பது அந்த 61 நாள்களைத்தான். ஒற்றை எண் கோப்புகளைப் படிக்கும் நிரல்கள் அப்போது எனக்குத் தொல்லை தந்ததில்லை. அட்டவணை போல வரும் வெளியீட்டைப் படிப்பவற்றை மட்டும் வரிக்கு வரி சோதித்துவிட்டே அறைக்குத் திருப்பி அனுப்புகிறேன். தொண்டியிலோ மூக்கையூரிலோ இதே வேலையில் இருப்பவர்கள் 'டெம்பரேச்சர்' கோப்பு உள்ள கெர்னலுக்கு மாறிவிடுங்கள். மாற முடியாத பழைய பலகை என்றால், முதல் வரியில் யெஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டாம் வரியைத் தொடாதீர்கள்.