அப்பாவுக்கு வயிற்று சிடி ஸ்கேன் எடுத்த சென்டர் பற்றி

இரண்டு வாரமாக அப்பாவுக்குத் தொப்புளைச் சுற்றி வலி, அல்ட்ராசவுண்டில் ஒன்றும் பிடிபடவில்லை, அதனால் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) போட்டு சிடி எடுத்தோம். ஊசிக்கு முன் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், நல்ல பழக்கம். அப்புறம் ரேடியாலஜிஸ்ட் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையிலேயே காட்டினார்: குடலைத் தாங்கும் மடிப்பில் கறுப்பாகத் தெரியவேண்டிய கொழுப்பு பனி படர்ந்த மாதிரி சாம்பலாக இருந்தது, ரத்தக் குழாய்களைச் சுற்றி மட்டும் மெல்லிய கறுப்பு வளையம். மெசென்டெரிக் பானிகுலைட்டிஸ், அதாவது அந்த மடிப்பின் கொழுப்பில் வரும் அழற்சி என்றார். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் இப்படித் தோன்றலாம், வளையம் இருப்பது ஆறுதல், ஆனாலும் மறுபடி ஒரு ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது என்று பொறுமையாகச் சொன்னார். ஒரே குறை, வெறும் வயிற்றோடு காலை 8 மணிக்கு வரச்சொல்லி 11.30க்குத்தான் கூப்பிட்டார்கள், சர்க்கரை உள்ள மனிதர், பாவம் கை நடுங்கிவிட்டது.