பள்ளிக்கரணை ஞாயிறு நடை: 300 ரூபாய்க்குப் போகலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநில நடைக்குப் போய் வந்தேன். நடத்துபவர்களுக்குப் பெயர்ப்பலகையோ அலுவலகமோ கிடையாது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து, டிசம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் இரண்டு ஞாயிறு, வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போட்டுக் கூட்டிப்போகிறார்கள். ஆளுக்கு 300 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம். நான் பறவை பார்க்கத்தான் போனேன். பறவையும் பார்த்தேன், ஆனால் மூன்றரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் கேட்டது அந்த நிலத்தின் கதையை. இதை வீண் நிலம் என்று யார் எழுதி வைத்தார்கள், காடு என்று யார் எப்போது எழுதினார்கள், அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு கைவிட்டுப் போயிற்று என்பதை. போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்டிப்பாகப் போங்கள். குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

காலை 5.45க்கு வேளச்சேரி பறக்கும் ரயில் நிலைய வாசலில் கூடச் சொன்னார்கள். கிளம்பும்போது 6.25. வழிகாட்டியாக வந்த ஐயா நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதுதான் இந்த நடையின் பெரிய பலம். மற்ற இடங்களில் பறவைப் பெயர் சொல்பவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், சர்வே எண்ணை வைத்துக்கொண்டு நாரையைப் பற்றிப் பேசுபவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். "நீங்க நிக்கிற இந்த ஸ்டேஷனே சதுப்புலதாம்மா இருக்கு" என்றுதான் ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் வழக்கில் இது கழுவெளி. மரக்காணம் பக்கத்தில் இருக்கும் நீர்நிலைக்கும் அதே பெயர்தான். மழையில் ஏரி போலவும் கோடையில் புல்வெளி போலவும் இருக்கும் நிலத்துக்கு மக்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள், வருவாய்க் கணக்கில் அதற்கு இடமில்லை. நெல் விளையாது, வரி வராது, அதனால் தரிசு, புறம்போக்கு. அந்தச் சொல் ஏட்டில் ஏறியபின், குப்பை கொட்டவும் சாலை போடவும் அரசுக் கட்டடம் எழுப்பவும் எப்போதும் முதலில் கண்ணில் படுவது அந்த நிலம்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் கழுவெளியில் பெரும்பகுதி அப்படித்தான் கரைந்தது. பெருங்குடிக் குப்பைமேடு மட்டுமே 200 ஏக்கருக்கு மேல்.

அப்புறம் துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் சாலைக்குப் போனோம். சதுப்பை நடுவில் அறுத்துக்கொண்டு போகும் சாலை அது, அடியில் தண்ணீர் போக மதகுகள்தான் வழி. அங்கே நின்றுதான் பறவை பார்க்க வேண்டும். கூழைக்கடா கூட்டமாக, நீலத்தாழைக்கோழி கோரைக்குள் புகுந்து, பவளக்கால் உள்ளான், அரிவாள்மூக்கன், முக்குளிப்பான் எல்லாம் கண்ணுக்கு நன்றாகவே கிடைத்தன. பூநாரை மட்டும் ரொம்பத் தூரத்தில் ஒரு வெளிறிய கோடாகத்தான் தெரிந்தது.

நான் வேளச்சேரியில் எட்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கீழ்த்தளத்தில் நாலு நாள் தண்ணீர் நின்றது. அது ஏன் வடியவில்லை என்பதை இந்தச் சாலையில் நின்றுதான் முதல் தடவையாகப் புரிந்துகொண்டேன். தாம்பரம் பக்கம் தொடங்கி சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இங்கேதான் வந்து சேர வேண்டும், இங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். நடுவில் இருக்கும் பாத்திரத்தைச் சின்னதாக்கி, வெளியேறும் வாயையும் குறுக்கினால் தண்ணீர் எங்கே போகும், எங்கள் வீட்டுக்குத்தான் வரும். குடி வந்தபோது வீட்டைக் காட்டியவர் பால்கனியில் நிறுத்தி "லேக் வியூ" என்று சொன்னது ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிண்டியோடு ஐயா ஒப்பிட்ட பகுதி. கிண்டி ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த காடு, வேட்டைக்கென்று வைத்திருந்தது. 1910இல் 505 ஹெக்டேரைக் காப்புக்காடு ஆக்கினார்கள். பெரிய இடத்துக் காடு என்பதால் அதற்கு ஒரு எல்லை இருந்தது, கேட்க ஆள் இருந்தது. அப்படியிருந்தும் ஐஐடிக்கு, தலைவர்களின் நினைவிடங்களுக்கு என்று துண்டு துண்டாகப் போய், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். ஆளுநரின் காட்டுக்கே இந்தக் கதி என்றால், மீன் பிடிப்பவர்களும் கோரை அறுப்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும் மட்டுமே நம்பியிருந்த கழுவெளிக்கு யார் வந்து நிற்பார்கள்? பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தது 2007இல்தான். அதுவும் தானாக வந்துவிடவில்லை, பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் சூழல் ஆர்வலர்களும் வருடக்கணக்கில் மனு கொடுத்து, நீதிமன்றம் ஏறி வாங்கியது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் தகுதி, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அதில் வனத்துறையின் கையில் இருப்பது ஒரு பகுதிதான், மீதி எந்தெந்த சர்வே எண்ணில் வருகிறது, அங்கே கட்டடம் கட்டலாமா கூடாதா என்பதில்தான் இப்போதைய சண்டை முழுவதும். ராம்சார் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்ததே, அதன் பின்னணியை எனக்கு எந்தச் செய்தியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. லேமினேட் செய்த பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். பத்து வயதுப் பையன் ஒருவன் விரலால் தடவி, தன் பள்ளிக்கூடம் எங்கே வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தான், அது பழைய படத்தில் நீலத்துக்குள் இருந்தது.

சரி, குறைகள். பதினாறு பேருக்கு மூன்று பைனாகுலர்தான், ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். கழிவறை கிடையாது, இதை அறிவிப்பிலேயே போட வேண்டும், பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரேடியல் சாலையில் லாரிகள் பறக்கின்றன, குழந்தைகளோடு ஒன்றரை மணி நேரம் ஓரத்தில் நிற்பது எனக்குப் பயமாகவே இருந்தது. ஒருங்கிணைப்பவர்களில் ஒருவராவது பின்னால் நின்று பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று. நடை முடிந்து டீ குடிக்கப் போன கடையில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் இதே கழுவெளியில் விரால் பிடித்தவர், கோரை அறுத்து விற்றவர். "குப்ப லாரி உள்ள போனப்ப எவனும் இது காடுன்னு சொல்லலம்மா. நான் தூண்டிலோட போனாத்தான் காடு" என்றார். மூன்றரை மணி நேரப் பேச்சில் இந்தப் பக்கம் வரவே இல்லை. வேலி போட்டது சரி, போடாமல் இருந்திருந்தால் இன்று பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேலி குப்பைமேட்டை உருவாக்கியவர்களையும், அதற்கு முன்பே அங்கே பிழைத்தவர்களையும் ஒரே மாதிரி வெளியே நிறுத்துகிறது. மாசுபடுத்தாமல் நூறு வருடம் அந்தத் தண்ணீரில் இறங்கியவர்களை என்ன செய்வது என்று யோசிக்காமல் காட்டைக் காப்பது பாதி வேலைதான். இதை ஐயாவிடமே சொன்னேன். கோபப்படவில்லை, பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த மதகுப் பக்கம் மீன் ஏறும், எந்த மாதம் கோரை முற்றும் என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த நடைக்கு வந்து பேச முடியுமா என்றும் கேட்டார், "பாக்கலாம்" என்றிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர், முழுக்கைச் சட்டை அவசியம். காற்று குப்பைமேட்டுப் பக்கமிருந்து அடித்தால் நாற்றம் தாங்காது, மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். முன்பதிவு தொகை எதுவும் வாங்குவதில்லை, வரும்போது கொடுத்தால் போதும். பிப்ரவரி முதல் ஞாயிறுக்கு நான் மூன்று பெயர் கொடுத்திருக்கிறேன், எனக்கு, அம்மாவுக்கு, அப்புறம் மிக்ஜாமில் ஃப்ரிட்ஜும் கட்டிலும் போய் இன்னும் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் தூங்கும் எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு.