ஃபோம் கிளைடரா, பால்சா கிளைடரா?

கொழும்பில் முதல் ரேடியோ கிளைடர் (ரேடியோவால் இயக்கும் மிதவை மாதிரி விமானம்) வாங்க யோசிப்பவர்களுக்கு. பால்சா என்பது லேசான மரம்.

விலை: ஃபோம் பெரும்பாலும் சேர்வோவுடனே (வால், இறக்கை மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) வரும். பால்சா கிட் (நாமே கட்டவேண்டிய பாகத் தொகுப்பு) மலிவாகத் தெரியும்; ஃபில்ம் (மேலே போர்த்தும் பிளாஸ்டிக் உறை), பசை, சேர்வோ தனிச் செலவு.

விழுந்தால்: ஈபிஓ என்ற நெகிழும் ஃபோமை சுப்பர் குளூவால் நிமிடங்களில் ஒட்டலாம். (ரெஜிஃபோமை அதே பசை கரைத்துவிடும்.) பால்சாவில் இறக்கையின் விலா (குறுக்குச் சட்டம்) மாற்றி ஃபில்ம் ஒட்ட ஒரு மாலை போய்விடும்.

வெயில்: மதியம் பூட்டிய காரில் கிடந்த ஃபோம் இறக்கை முறுகும், பிறகு கிளைடர் ஒரே பக்கம் சாயும். பால்சாவில் ஃபில்ம்தான் தளரும், அயன் பிடித்தால் இறுகும். கடற்காற்றில் இரண்டிலும் சேர்வோவின் இரும்பு இணைப்புக் கம்பி துருப்பிடிக்கும், துடையுங்கள்.

மிதப்பு: காற்று லேசாக வீசும்போது எடை குறைந்த பால்சாவே.

பழக ஃபோம். தரையிறக்கம் கைவந்தபின், பொறுமையும் மேசையும் இருந்தால், பால்சா. எதுவானாலும் பறக்கவிடுமுன் சமநிலைப் புள்ளி (விரலில் தாங்கினால் முன்பின் சாயாத இடம்) கையேட்டில் சொன்ன இடத்தில் இருக்கிறதா பாருங்கள். வால் கனத்தால் கட்டுப்படாது.