649 ரூபாய்க்கு ஒரு விஷன் போர்டு

பொங்கல் தள்ளுபடியில் ஆன்லைனில் ஒரு விஷன் போர்டு செட் வாங்கினேன். ஆசைப்படுவதையெல்லாம் படமாகக் குத்தி வைத்துத் தினமும் பார்க்கும் பலகை அது. 649 ரூபாய். இரண்டடிக்கு ஒன்றரை அடி கார்க் பலகை, நூற்றுச் சொச்சம் படங்கள், பொன்மொழி அட்டைகள், ஒரு டப்பா பின், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். ஒன்பது மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் "வாங்கலாமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

டேப் சுத்த மோசம். எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் மூன்று நாள்கூட நிற்கவில்லை. நடு ராத்திரி பலகை தொப்பென்று விழ, திருடன் வந்துவிட்டான் என்று மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆணி அடித்து மாட்டலாம் என்றால் பின்னால் ஒரு வளையம் கிடையாது. சணல் கட்டித்தான் தொங்கவிட்டேன். விற்றவர்களுக்குப் புகார் எழுதினால், வழவழப்பான சுவரில் ஒட்டவும் என்று பதில் வந்தது. அதற்கு நான் சுவரையும் அல்லவா வாங்க வேண்டும்!

படங்களைப் பார்த்தால் ஈபிள் கோபுரம், நீச்சல் குளம் வைத்த வீடு, டாலர் கட்டு, கடற்கரையில் யோகா செய்யும் வெள்ளைக்காரப் பெண். நான் மதுரையில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். என் ஆசை இரண்டுதான். ஸ்கூட்டர் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுக்க வேண்டும், அடகில் கிடக்கும் நாலு பவுன் சங்கிலியைத் திருப்ப வேண்டும். அத்தனை படங்களில் ஒரு ஸ்கூட்டர் இல்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் மூன்று.

சரி என்று பேப்பர் விளம்பரத்தில் இருந்து ஒரு ஸ்கூட்டரையும் சங்கிலியையும் வெட்டிக் குத்தினேன். தினமும் காலையில் காபியோடு நின்று பார்ப்பேன். மனசுக்கு நிறைவாக இருக்கும். அந்த நிறைவிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. வண்டியைத் தொடவில்லை, சங்கிலிக்கு வட்டிதான் ஏறியது.

என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவள்தான் சொன்னாள், 1999-இல் கலிபோர்னியாவில் மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்களாம். நல்ல மார்க் வாங்கிவிட்டதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதாகக் கற்பனை செய்தவர்கள் சீக்கிரமே படிக்கத் தொடங்கி நல்ல மார்க்கும் வாங்கினார்களாம். கேப்ரியல் எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர், ஆசையோடு நிறுத்தாமல் குறுக்கே நிற்பது எது, அது வந்தால் என்ன செய்வாய் என்பதையும் சேர்த்து யோசிக்கச் சொல்கிறாராம். "பலகையில தடை எங்கம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ஸ்கூட்டர் படத்தை எடுத்துவிட்டு, வண்டி பழகுவதற்கான எல்எல்ஆர் உரிமத்தின் நகலைக் குத்தினேன். அது ஆறு மாதம்தான் செல்லும். முடியும் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டேன். எனக்குப் பயமே ஆர்டிஓ ஆபீஸில் 8 போடுவதுதான், கால் ஊன்றிவிடுவேன். அதனால் ஒரு பெரிய 8 வரைந்து பக்கத்தில் ஒட்டி, "ஞாயிறு காலை 6 மணி, மைதானம்" என்று எழுதினேன். பதினோரு ஞாயிறு போனேன், இரண்டு முறை விழுந்தேன். முதல் தேர்வில் கால் ஊன்றிவிட்டேன். இரண்டாவதில் தேறி ஜூனில் லைசென்ஸ் கைக்கு வந்தது.

சங்கிலிக்குத் தடை, விசேஷ வீடுகளுக்குச் செய்யும் செய்முறை. ஆவணி பிறந்தால் பத்திரிகை வரிசையாக வரும், மொய் எழுதியே சம்பளம் கரைந்துவிடும். "சொந்தம் தவிர யாருக்கும் 500-க்கு மேல் இல்லை" என்று எழுதிக் குத்தினேன். மாமியாருக்கு இதில் வருத்தம், வந்தவர்கள் படிப்பார்களாம். அப்புறம் பலகையை ஹாலில் இருந்து சமையலறைக்கு மாற்றினேன். சங்கிலி இன்னும் வரவில்லை. ஆனால் முன்பெல்லாம் வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைப்பேன். இந்த முறை அசலில் 18,000 குறைந்திருக்கிறது. அந்த ரசீதும் பலகையில்தான் இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் பலகைக்கும் பின்னுக்கும். கார்க் தரமாக இருக்கிறது, எத்தனை முறை குத்தி எடுத்தாலும் உதிரவில்லை. வெறும் பலகை ஸ்டேஷனரி கடையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பின்னால் வளையம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். படங்களின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் வீணாகவில்லை. டாலர் கட்டின் முதுகில்தான் இப்போது பால் கணக்கு ஓடுகிறது.